ஒரு வினைச்சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் 'எம்பெட்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒரு பொருளை மற்றொன்றனுள் ஆழப் பதித்தல், எளிதில் அசையாதபடி உள்ளே அமர்த்துதல் என்பது அதன் பொருள். அரிய சொல் அன்று; பள்ளி மாணவரும் பாடநூலில் கண்டிருப்பர். ஆயினும் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளில் அது பாறையிலிருந்து புறப்பட்டு, நெஞ்சத்துள் புகுந்து, சந்தையை எட்டி, கணினிக்குள் அடங்கி, போர்க்களம் வரை சென்றிருக்கிறது. அவ்வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். அதற்கு முன்பு, இச்சொல்லின் பொருட்டு நான் பட்ட ஒரு பழைய கடனைச் சொல்லிவிட வேண்டும்.

1987-ஆம் ஆண்டில் அரியலூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பினர்க்கு ஆங்கிலம் கற்பித்து வந்தேன். அரையாண்டுத் தேர்வில் ஓர் ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கும்படி கேட்டிருந்தோம். சுண்ணாம்புப் பாறையில் கிளிஞ்சல்கள் பதிந்திருப்பதைப் பற்றிய பத்தி அது. ஒரு மாணவன், 'கிளிஞ்சல்கள் பாறையில் படுக்க வைக்கப்பட்டிருந்தன' என்று எழுதியிருந்தான். 'பெட்' என்றால் படுக்கை என்பது அவனுக்குத் தெரியும். முன்னே நின்ற 'எம்' என்பதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. நான் சிவப்பு மையால் அவ்விடையை அடித்து, இரண்டு மதிப்பெண்ணையும் மறுத்ததோடு நில்லாமல், வகுப்பில் அதனை உரக்கப் படித்தும் காட்டினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. கிளிஞ்சலுக்குத் தலையணையும் உண்டா என்று ஒருவன் கேட்டான், நானும் சிரித்தேன். சில ஆண்டுகள் கழித்து, வேறொரு சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டிய பொழுதுதான் அந்த மாணவன் நான் நினைத்த அளவு தவறு செய்யவில்லை என்பது தெரிந்தது.

'பெட்' என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொற்களுள் ஒன்று. பழைய ஆங்கிலத்திலேயே அதற்கு இரு பொருள் உண்டு: ஒன்று உறங்கும் இடம், மற்றொன்று தோட்டத்துப் பாத்தி. இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தோண்டுதல் என்னும் பொருளுடைய மிகத் தொன்மையான ஒரு வேரிலிருந்து அச்சொல் பிறந்தது என்று மொழிநூலார் பலர் கருதுகின்றனர். பண்டை மனிதன் தரையைச் சிறிது குழித்து, தழையையும் புல்லையும் இட்டு அதனுள் படுத்தான். பாத்தியும் தோண்டிய நிலமே. இக்கொள்கையை ஐயுறுவாரும் உளர். ஆயினும் வேல்சு மொழியில் அதே வேரிலிருந்து வந்த 'பெத்' என்னும் சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள் என்பதை நோக்கும்போது, தோண்டுதல் என்னும் கருத்து வலுப்பெறுகிறது. இலத்தீனில் தோண்டுதலைக் குறிக்கும் வினையும் அவ்வேரினதே என்பர். அவ்விலத்தீன் வினையிலிருந்து வந்ததுதான் 'ஃபாசில்' என்னும் சொல். தோண்டி எடுக்கப்பட்டது என்பதே அதன் முதற் பொருள். ஆகவே, பாறையில் 'எம்பெட்' ஆகிய 'ஃபாசில்' என்று கூறும்போது, ஆங்கிலேயன் தன்னை அறியாமலே ஒரு வேரின் இரு கிளைகளை ஒரே தொடரில் சேர்த்து விடுகிறான்.

வேல்சு நாட்டின் மலைப் பகுதியில் பெத்கெலர்ட் என்றோர் ஊர் உண்டு. கெலர்ட்டின் கல்லறை என்பது அப்பெயரின் பொருள். தொட்டிலில் கிடந்த குழந்தையை ஓநாயிடமிருந்து காத்த நாயை, அதன் வாயில் குருதியைக் கண்டு உண்மை உணராமல் இளவரசன் கொன்றுவிட்டான் என்னும் கதையை அவ்வூரார் கூறுவர். நம் நாட்டில் கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனியின் கதை இதுவேதான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அக்கதை இடம்பெறுகிறது. கதைகள் எப்படியெல்லாம் நாடு கடந்து நிலத்தில் வேரூன்றுகின்றன என்பது வேறொரு நாள் பேச வேண்டிய பொருள்.

இனி 'எம்' என்னும் முன்னொட்டு. அது பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்தை அடைந்தது. உள்ளே இடுதல், உட்படுத்துதல் என்னும் பொருளைத் தருவது. கல்லறையில் இடுவதற்கும் அரியணையில் ஏற்றுவதற்கும் ஆங்கிலத்தில் வழங்கும் வினைகளின் முன்னும் இதே ஒட்டு நிற்கும். செருமானிய இனத்துப் பழஞ்சொல்லும் பிரெஞ்சு முன்னொட்டும் சேர்ந்து அமைந்த கலப்புச் சொல் இது. இதனை 'இம்பெட்' என்று எழுதும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் அவ்வடிவைப் பலகாலும் காணலாம்.

இவ்வளவு எளிய உறுப்புகளைக் கொண்ட இச்சொல் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் வழக்கில் ஊன்றியது என்பது வியப்பாகத் தோன்றலாம். 1778-ஆம் ஆண்டை அதன் தோற்ற ஆண்டாக அகராதியாளர் சிலர் குறிப்பர். முதலில் அது நிலநூலாரின் கலைச்சொல்லாகவே இருந்தது. சுவரில் கல்லைப் பதிப்பதும் பொன்னில் மணியைப் பதிப்பதும் அதற்கு முன்பும் நடந்தனவே. அப்பொழுதெல்லாம் வேண்டப்படாத சொல் அப்பொழுது மட்டும் ஏன் வேண்டப்பட்டது? விடை பாறையில் இருக்கிறது.

பாறைக்குள் சிப்பியும் மீனெலும்பும் காணப்படுவதை மக்கள் தொன்றுதொட்டு அறிவர். ஆனால் அவை எவ்வாறு உள்ளே சென்றன என்பதில் கருத்து வேற்றுமை மிகுதி. நிலத்துள் மறைந்து உறையும் ஓர் ஆக்க ஆற்றல் உயிர்களைப் போன்ற உருவங்களைக் கல்லிலேயே வளரச் செய்கிறது என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினர். அவ்வாறாயின் சிப்பி கல்லில் பதியவில்லை, கல்லில் முளைத்தது. பதிதல் என்னும் கருத்துக்கே அங்கு இடமில்லை.

இந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் தலையாயவர் நிக்கோலாஸ் ஸ்டெனோ என்னும் டேனிய மருத்துவ அறிஞர். 1666-இல் இத்தாலியின் கடற்கரையில் பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலையை ஆய்வதற்காகத் தஸ்கனிப் பெருங்கோமகன் அவரிடம் அனுப்பினார். அதன் பற்களைக் கண்ட ஸ்டெனோ, மால்டாத் தீவின் பாறைகளில் கிடைத்து 'நாக்குக் கற்கள்' என்று வழங்கப்பட்டவை சுறாப் பற்களே என்று உணர்ந்தார். 1669-இல் ஃபிளாரன்சு நகரில் அவர் வெளியிட்ட சிறு நூலின் பெயரே, திடப்பொருளுக்குள் இயற்கையாக அடங்கிய திடப்பொருளைப் பற்றியது என்று அமைந்தது. நூலின் வேலை ஒரே கேள்விக்கு விடை காண்பது: ஒன்றனுள் ஒன்று அடங்கிய இரு கெட்டிப் பொருள்களில் எது முன்னே கெட்டியாயிற்று?

அவர் கண்ட சோதனை ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதத் தக்கது. எது தன் வடிவை மற்றொன்றின்மேல் அழுத்தியிருக்கிறதோ அதுவே முன்னே கெட்டியானது; எது வளைந்து இடங்கொடுத்ததோ அது அப்பொழுது மென்மையாக இருந்தது. பாறையில் கிடக்கும் சிப்பி தன் வரிகளைச் சிறிதும் இழக்கவில்லை. சுற்றியுள்ள கல்லோ அவ்வரிகளுக்கு ஏற்ற அச்சைக் கொண்டிருக்கிறது. ஆதலின் சிப்பி முந்தியது, கல் பிந்தியது. கல் ஒரு காலத்தில் சேறாக இருந்தது. இந்த ஒரு முடிவினின்றே காலம் என்னும் பேருண்மை வெளிப்பட்டது. பாறை அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் படிவு. கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது. மாணவர்கள் இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னும் அது நமக்குப் பயன்படும்.

ஸ்டெனோவிற்கும் ஆங்கில நிலநூலார்க்கும் இடையே நூறு ஆண்டுகள் கழிந்தன. இதற்குள் இங்கிலாந்தில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நிலக்கரிச் சுரங்கங்கள் ஆழமாகத் தோண்டப்பட்டன. சுரங்கத் தொழிலாளரும் கல் உடைப்போரும் பாறையின் ஒவ்வோர் அடுக்கையும் 'பெட்' என்றே வழங்கினர். கொத்தர்களுக்கும் அச்சொல் இன்றியமையாதது. படிவுக் கல்லைச் சுவரில் வைக்கும்போது அது சுரங்கத்தில் எவ்வாறு கிடந்ததோ அவ்வாறே கிடக்க வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கிடந்த கல்லை நிமிர்த்தி வைத்தால் மழையும் பனியும் புகுந்து அதன் முகம் ஏடு ஏடாக உரிந்துவிடும். கல்லுக்கும் படுக்கை உண்டு, அப்படுக்கையை மாற்றக் கூடாது என்பதைப் பட்டறிவால் அறிந்தவர்கள் அவர்கள். என் மாணவனைப் பார்த்து அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

1778-இல் ஜான் வைட்ஹர்ஸ்ட் என்பவர் நிலவுலகின் தொடக்க நிலையையும் அமைப்பையும் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் பல்கலைக்கழக அறிஞர் அல்லர். டார்பி நகரில் கடிகாரம் செய்து வாழ்ந்தவர். முழுநிலவை ஒட்டிய நாள்களில் கூடிப் பேசிவிட்டு நிலவொளியில் வீடு திரும்பிய பர்மிங்காம் 'நிலாக் கழகத்தில்' ஜேம்சு வாட்டு, வெட்ஜ்வுட்டு, எராஸ்மஸ் டார்வின் ஆகியோரோடு உறவு கொண்டிருந்தவர். டார்பிஷயரின் சுரங்கங்களிலே தொழிலாளர் கண்ட பாறை வரிசையை அவர் முறையாகத் தொகுத்தார். சுண்ணாம்புப் பாறைகளின் இடையே கிடந்த கருங்கல் அடுக்கு உருகி ஓடிய எரிமலைக் குழம்பே என்றும் கூறினார். திருமறையின் படைப்பு வரலாற்றோடு தம் முடிவுகளைப் பொருத்தவும் பெரிதும் முயன்றார். அம்முயற்சி இன்று எவர்க்கும் பயன்படுவதில்லை. ஆனால் சுரங்கத்தின் பேச்சு நூலின் உரைநடைக்குள் ஏறிய காலம் அதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல் நிலநூலின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. சார்லஸ் லயல் என்னும் பேரறிஞர் தம் 'நிலநூல் தத்துவங்கள்' என்னும் நூலின் இரண்டாம் பகுதியை 1832-இல் வெளியிட்டார். அதில் உயிர்களின் எச்சங்கள் மணலிலும் சேற்றிலும் நீரடிப் படிவிலும் எவ்வாறு பதிகின்றன என்பதற்கே இயல்கள் ஒதுக்கினார். இயல்களின் தலைப்புகளிலேயே இச்சொல்லை 'இம்பெட்' என்னும் வடிவில் ஆண்டார். மனிதனும் மனிதன் செய்த பொருள்களும் எவ்வாறு பதியும் என்றும் ஆராய்ந்தார். மூழ்கிய கப்பல்களும் நாணயங்களும் பிற்காலத்துப் பாறையில் நம்மைப் பற்றிச் சான்று கூறும் என்று எண்ணிப் பார்த்த துணிவு அது. முன்னே பதிந்தவை எவ்வாறு பதிந்தன என்பதை அறிய வேண்டுமாயின் இன்று நம் கண்முன் பதிபவற்றைக் காண வேண்டும் என்பதே அவர் கொள்கை.

பதிந்தவற்றைப் பெயர்த்து எடுத்தவர்களையும் சொல்ல வேண்டும் அன்றோ? அவர்களுள் ஒருவரை நம் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லவில்லை. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரில் 1799-இல் பிறந்தவர் மேரி ஆனிங். தந்தை மரவேலை செய்பவர். செங்குத்தான கரைப் பாறைகளில் கிடைத்த நத்தைக் கற்களைக் கோடையில் வரும் விருந்தினர்க்கு விற்றுச் சிறிது பொருள் ஈட்டினார். 1810-இல் அவர் கடன் வைத்துவிட்டு இறந்தார். அடுத்த ஆண்டு மேரியின் அண்ணன் பாறையில் ஒரு பெரிய தலையெலும்பைக் கண்டான். எஞ்சிய உடலை 1812-இல் மேரி கண்டெடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோதான். ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள அக்கடலுயிரை இன்று இக்தியோசார் என்பர். அதனை ஊர்ப் பெருநிலக்கிழார் 23 பவுனுக்கு வாங்கிக்கொண்டார்.

அவர் வேலை செய்த முறையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். குளிர்காலப் புயலில்தான் பாறை சரியும்; சரிந்தால்தான் எலும்பு வெளிப்படும்; அடுத்த அலை வந்து அடித்துச் செல்லுமுன் அதனை எடுக்க வேண்டும். 1833-இல் ஒரு சரிவு அவர் கூடவே திரிந்த நாயைக் கண்ணெதிரே மூடிக் கொன்றது. அவர் மயிரிழையில் தப்பினார். எலும்பைச் சூழ்ந்த கல்லைச் சிற்றுளியால் சிறிது சிறிதாக நீக்க வேண்டும். அச்சூழ்கல்லை நிலநூலார் 'மேட்ரிக்ஸ்' என்பர். இலத்தீனில் அச்சொல்லுக்குக் கருப்பை என்பது பொருள். 1823-இல் அவர் முதன்முதலாக ஒரு முழுமையான பிளெசியோசார் எலும்புக்கூட்டை வெளிப்படுத்தினார். மறு ஆண்டு இலண்டன் நிலநூற் கழகத்தில் அதனைப் பற்றிக் கட்டுரை படித்தவர் கோனிபேர் என்னும் அறிஞர். கண்டெடுத்தவரின் பெயர் அதில் இல்லை. அக்கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-இல்தான். மேரி 1847-லேயே மறைந்துவிட்டார். லைம் ரீஜிஸில் அவருக்குச் சிலை எழுந்தது 2022-ஆம் ஆண்டில்.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றுக்கு இடம் உண்டு. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் ஒரு காலத்தில் கடலாக இருந்தவை. அக்கடலின் நத்தைக் கற்களும் சிப்பிகளும் அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளில் நிறையக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று ஓடையோரத்தில் கிடப்பதைப் பல பள்ளி மாணவர் சுற்றுலாவில் கண்டிருப்பர். என் வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பத்தி வெளிநாட்டுச் செய்தி அன்று. சிலர் அவ்வகைக் கற்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள்.

பாறையில் ஊன்றிய சொல் விரைவிலேயே நெஞ்சத்துக்கும் வந்தது. 1830-களிலிருந்து ஆங்கிலேயர் எண்ணமும் நினைவும் உள்ளத்தில் பதிந்ததாகச் சொல்ல இச்சொல்லை ஆண்டனர். இதனோடு ஒத்த வேறொரு சொல்லும் உண்டு. ஊறிப்போன பழக்கத்தைக் குறிக்கும் 'இன்கிரெயின்' என்னும் சொல் சாயத் தொழிலிலிருந்து வந்தது. கெர்மிஸ் என்னும் சிறு பூச்சியை விதை என்று மயங்கி 'கிரெயின்' என்றனர். அதன் சிவப்புச் சாயம் இழையின் உள்வரை ஏறிப் போகாமல் நிற்கும். இரண்டு சொல்லும் ஒரு பொருளன போலத் தோன்றினும் வேறுபாடு உண்டு. சாயம் இழையோடு ஒன்றாகிவிடும்; பதிந்த பொருளோ பதிந்த பின்னும் தான் தானாகவே இருக்கும், தேர்ந்த கை அதனைப் பெயர்த்தும் எடுக்கலாம். தவறான கருத்தொன்று ஒருவன் உள்ளத்தில் பதிந்திருக்கிறது என்று சொல்வதற்கும் ஊறியிருக்கிறது என்று சொல்வதற்கும் ஆசிரியனுக்கு மிகுந்த வேறுபாடு உண்டு.

கல்லூரியில் உயிர்நூல் பயில்வோர் வேறொரு பொருளை அறிவர். உயிர்த்திசுவை நுண்ணோக்கியில் காண வேண்டுமாயின் அதனை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவ வேண்டும். மெல்லிய திசு கத்திக்கு நில்லாது நசுங்கும். ஆதலின் அதிலுள்ள நீரைச் சாராயத்தால் நீக்கி, உருகிய பாரஃபின் மெழுகில் இட்டு இறுகச் செய்வர். இதற்கும் 'எம்பெட்' என்பதே பெயர். இங்கே நிலைமை தலைகீழ். பாறையில் வன்பொருள் மென்சேற்றில் பதிந்தது. இங்கே மென்பொருளை வன்பொருளில் பதிக்கிறோம், மெழுகும் உள்ளே புகுந்துவிடுகிறது.

பிற துறைகளை விரைந்து கடப்போம். ஓர் உருவம் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் ஒரு வெளியில் அமர்வதைக் கணித அறிஞர் இச்சொல்லால் குறிப்பர். அமெரிக்கரான ஹாஸ்லர் விட்னி 1936-இல் நிறுவிய தேற்றம் இதில் புகழ்பெற்றது. கிளைன் குப்பி என்னும் வளைபரப்பு மூன்று பரிமாண வெளியில் அவ்வாறு அமராது, நான்கில் அமரும். இலக்கணப் புலவர் வாக்கியத்துள் வாக்கியம் அமைவதை இதனால் சுட்டுவர். 'ஊரார் போற்றிய புலவர் எழுதிய நூலைப் படித்த மாணவன்' என்று தமிழில் இடர்ப்பாடின்றி அடுக்கலாம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே மூன்று வாக்கியத்தைச் செருகினால் கேட்பவர் திகைத்துப் போவார். கருவி ஒன்றனுள் அதன் வேலைக்கென்றே அமைத்த கணினியும் இப்பெயர் பெறும். 1969-இல் நிலவுக்குச் சென்ற அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினி அதன் முன்னோடிகளுள் ஒன்று. இன்று துணி துவைக்கும் பொறியிலும் அது உண்டு. சொற்களின் பொருளை எண்வரிசைகளாக மாற்றிப் பல பரிமாண வெளியில் இடுவதையும் கணினியறிஞர் இச்சொல்லாலேயே வழங்குகின்றனர். 2013-க்குப் பின் இம்முறை பெரிதும் பரவியது.

பொருளியலில் இச்சொல்லுக்குப் பெருமை தேடித் தந்தவர் கார்ல் போலன்யி. வியன்னாவில் பிறந்து புடாபெஸ்ட்டில் வளர்ந்து நாடு நாடாக இடம்பெயர்ந்த அவர், 1944-இல் 'பெருமாற்றம்' என்னும் நூலை வெளியிட்டார். பழங்காலச் சமுதாயங்களில் வாங்கல் விற்றல் என்பது உறவு, சமயம், வழக்காறு ஆகியவற்றுள் பதிந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அதனைப் பெயர்த்துத் தனியே நிறுத்த முயன்றது. மனிதனின் உழைப்பையும் நிலத்தையும் வெறுஞ்சரக்காக்கிய அம்முயற்சி பேரழிவுக்கு வழி வகுத்தது என்பது அவர் வாதம். சந்தை முற்றிலும் விடுபட்டு நிற்கவே முடியாது என்றும் அவர் கருதினார். ஆங்கிலேயச் சுரங்க வரலாற்றைக் கற்றவர் போலன்யி. ஆதலின் பாறையில் பதிந்த நிலக்கரியின் நினைவே அவர்க்கு இச்சொல்லைத் தந்திருக்கலாம் என்று ஃபிரெட் பிளாக் என்னும் அறிஞர் கருதுகிறார். உறுதியாகச் சொல்ல இயலாத கருத்தாயினும் எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

இனிப் போர்க்களம். 2003 மார்ச்சுத் திங்கள் ஈராக்கின்மீது அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்தபோது உலகெங்கும் இச்சொல் புதுப்பொருளில் ஒலித்தது. 600-க்கும் மேற்பட்ட செய்தியாளர் படைப்பிரிவுகளுக்குள் சேர்க்கப்பட்டு, வீரர்களோடு உண்டு, உறங்கி, அவர்களுடைய வண்டிகளிலேயே சென்றனர். அவர்களை 'எம்பெட்' செய்யப்பட்டவர்கள் என்றனர். பின்னர் அவர்களுக்கே 'எம்பெட்' என்று பெயராகி, வினைச்சொல் பெயர்ச்சொல்லாகவும் மாறிற்று.

இதன் முன்வரலாற்றை மாணவர்கள் அறிய வேண்டும். 1854-இல் கிரிமியப் போருக்கு 'டைம்ஸ்' இதழின் சார்பில் சென்ற வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸலைப் படைத்தலைவர் ராக்லன் பிரபு ஏற்றுக்கொள்ளவே இல்லை. அவர் எவருக்குள்ளும் பதியாமல் நின்று எழுதினார்; அவ்விதழில் வந்த செய்திகள் அமைச்சரவையின் வீழ்ச்சிக்கே துணை செய்தன. இரண்டாம் உலகப் போரில் எர்னி பைல் என்னும் அமெரிக்கர் காலாட்படையினரோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதி, 1945 ஏப்ரலில் ஒரு சிறு தீவில் குண்டுக்கு இரையானார். வியத்நாமில் செய்தியாளர் பெரிதும் விருப்பம்போல் சென்று வந்தனர். அதன் விளைவைக் கண்டு அஞ்சிய அமெரிக்கப் படைத்துறை 1983-இல் கிரனடாத் தீவில் இறங்கியபோது அவர்களைத் தொடக்கத்தில் அறவே விலக்கியது; 1991 வளைகுடாப் போரில் சிறு குழுக்களாக்கிக் காவலோடு அழைத்துச் சென்றது. விலக்கினால் பழி வருகிறது, விட்டால் தொல்லை வருகிறது. உள்ளே பதித்துக்கொண்டால் என்ன? 2003-ஆம் ஆண்டின் ஏற்பாடு இவ்வாறு பிறந்தது. செய்தியாளர் விதிகளுக்கு உடன்பட்டுக் கையொப்பம் இட்டனர். படையின் இருப்பிடத்தையும் வருங்காலத் திட்டத்தையும் வெளியிடுதல் கூடாது. தாமே படைக்கலம் ஏந்துதலும் கூடாது.

இவ்வேற்பாட்டை முற்றிலும் குறைகூற நான் விரும்பவில்லை. அவர்களால்தான் போர் நடந்த வண்ணத்தை மக்கள் அணிமையில் கண்டனர். அவர்கள் உயிரையும் ஈந்தனர். மைக்கேல் கெல்லி என்னும் இதழாசிரியர் அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் தாம் சென்ற படைவண்டி கவிழ்ந்து இறந்தார். ஆனால் ஸ்டெனோவின் கேள்வியை இங்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். எது கெட்டி, எது மென்மை? யார் வடிவம் யார்மேல் பதிந்தது? தம்மைக் காப்பவர்களையே ஆராய வேண்டிய நிலையில் அமர்ந்தவர் சிப்பியைப் போலத் தம் வரிகளைக் காத்துக்கொண்டாரா, மெழுகில் இட்ட திசுவைப் போல அம்மெழுகே உள்ளே புகக் கண்டாரா? ஒவ்வொருவர் எழுத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இரண்டு வகையும் தென்படுகின்றன.

பதியாமல் தனியே சென்றவர்களையும் மறத்தல் ஆகாது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் டெர்ரி லாயிட் எப்படையையும் சேராமல் தம் குழுவினரோடு சென்றார். 2003 மார்ச்சு 22-ஆம் நாள் பாஸ்ரா நகருக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைச் சுட்டது அமெரிக்கப் படையே என்றும், அது சட்டத்திற்குப் புறம்பான கொலை என்றும் 2006-இல் இங்கிலாந்தின் இறப்பு விசாரணை மன்றம் முடிவு கூறியது.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு கூறுவது? 'பதி' என்னும் வினை நமக்கு வாய்த்திருக்கிறது. மணி பதித்தல், அடி பதிதல், மனத்தில் பதிதல் எல்லாம் அதனுள் அடங்கும்; நாற்று நடுவோனும் அச்சிடுவோனும் பத்திரம் எழுதுவோனும் அதனை வழங்குகின்றனர். கணினித் துறையினர் 'உட்பொதி' என்கின்றனர்; அது மூட்டை கட்டுவதைப் போல் ஒலித்தாலும் நிலைத்துவிட்டது. பாறையில் கிடப்பதைப் 'புதைபடிவம்' என்கிறோம். படைக்குள் சென்ற செய்தியாளர்க்கு நல்ல பெயர் இன்னும் அமையவில்லை.

இவற்றோடு 'படு' என்னும் நம் பழவினையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதன் உறங்குமிடம் படுக்கை. ஆறு கிடக்குமிடம் படுகை. ஆங்கிலேயர் 'பெட்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் இரண்டையும் நாமும் ஒரே வேரிலிருந்து பெற்றிருக்கிறோம். அம்மாணவன் அகராதியைக் காணாமலே அவ்வழியில் கால் வைத்தான்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவனை ஒரு பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருப்பதாகக் கூறினான். அந்த விடைத்தாளை நினைவூட்டி, தவறு என்னுடையது என்றேன். "அதெல்லாம் மறந்துபோய்விட்டது ஐயா" என்று சிரித்தான். தலையணையைப் பற்றிக் கேட்டவன் பெயரை மட்டும் அவனே சொன்னான். அன்று மறுத்த இரண்டு மதிப்பெண்ணில் இன்று ஒன்றரை இடுவேன். அரை மதிப்பெண்ணைக் குறைப்பதற்குக் காரணம், அக்கிளிஞ்சல்களை எவரும் படுக்க வைக்கவில்லை. அவை தாமே படுத்தன, சேறு பின்னால் வந்தது.